250/243 மறையும்போது: வழக்கத்துக்கு மாறான டெம்பரமென்ட்களை வகைப்படுத்திச் சுருதி சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

மைக்ரோடோனல் இசைக்குள், அதாவது வழக்கமான பன்னிரண்டு சுரங்களைத் தாண்டிய இசைக்குள், வருபவர்கள் முதலில் கேட்பது "ஸ்தாயிக்கு எத்தனை சுரம்?" என்பதைத்தான். 15, 19, 22, 31 என்று எண்ணை வைத்தே சுருதி முறைகளைப் பிரித்துப் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கம் ஆரம்பத்திலேயே வழி தவற வைக்கும். 22 சமப் பகுதிக்கும் 24 சமப் பகுதிக்கும் எண்ணில் இரண்டுதான் வித்தியாசம், ஆனால் ஒத்திசையில் இரண்டும் பெரிதும் வேறுபட்டவை. 15-ம் 22-ம் எண்ணில் தள்ளி நிற்பவை, ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்துக்கென எழுதிய இசையை இரண்டிலும் ஒரு கார்டு கூட மாற்றாமல் வாசிக்கலாம்.

ஒரு டெம்பரமென்டை (சுத்த இடைவெளிகளைச் சற்றே விலக்கிச் சுருதி சேர்க்கும் முறையை) அடையாளம் காட்டுவது அதில் எந்தக் கமா (இரு வேறு வழிகளில் போய்ச் சேரும் சுரங்களுக்கு இடையேயான சிறு இடைவெளி) மறைகிறது என்பதுதான். சுர எண்ணிக்கை அதன் விளைவு மட்டுமே. இந்த வழிகாட்டி 250/243 என்ற ஒரே கமாவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகிறது: கணக்கு, வகைப்பாடு, சுரத்தொகுதி, காதால் சுருதி சேர்ப்பது, கீபோர்டில் ஏற்றுவது வரை. மேற்கே இந்தக் குடும்பத்துக்குப் 'போர்க்குபைன்' என்று பெயர். ஒன்றை முழுதாகக் கற்றால் மற்றவற்றை அதே வழியில் நீங்களே திறந்துவிடலாம்.

தேவையானவை

லாகரிதம் போடும் கால்குலேட்டர். தந்தி தந்தியாகச் சுருதி மாற்றக்கூடிய ஒரு வாத்தியம் (ஸ்வரமண்டல், சந்தூர், ஹார்ப்), அல்லது கணினியில் சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச சிந்தசைசர், அல்லது ஸ்கேல் ட்யூனிங் (கட்டை கட்டையாகச் சுருதி மாற்றும்) வசதியுள்ள கீபோர்டு. ஒரு மெட்ரோனோம். சுத்தமான பஞ்சமத்தையும் அந்தர காந்தாரத்தையும் விம்மல் (இரண்டு ஒலிகள் மோதும்போது கேட்கும் ஏற்ற இறக்கம்) இல்லாமல் சேர்க்கத் தெரிந்த காது.

1. இடைவெளிகளை எண்ணாக எழுதுவது

எந்த விகிதத்தையும் சென்ட்டாக்க (ஸ்தாயியை 1200 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட்): விகிதத்தின் லாகரிதத்தை 2-இன் லாகரிதத்தால் வகுத்து 1200-ஆல் பெருக்குங்கள். கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை இவை:

பஞ்சமம் 3/2 = 701.955
சுத்த மத்தியமம் 4/3 = 498.045
அந்தர காந்தாரம் 5/4 = 386.314
சாதாரண காந்தாரம் 6/5 = 315.641
8/5 = 813.686

அடுத்து, ஒவ்வொரு விகிதத்தையும் பகா எண்களின் அடுக்குகளாக எழுதிப் பழகுங்கள். 2, 3, 5 என்ற வரிசையில் அடுக்குகளை மட்டும் குறித்தால் போதும். 81/80 என்பது 3⁴ ÷ (2⁴ × 5), எனவே (−4, 4, −1). 250/243 என்பது 2 × 5³ ÷ 3⁵, எனவே (1, −5, 3). இந்த மூன்று எண்களில்தான் ஒரு கமாவின் குணமெல்லாம் அடங்கியிருக்கிறது. (1, −5, 3) என்பதை இசையாகப் படித்தால்: மூன்று அந்தர காந்தாரம் மேலே, ஐந்து பஞ்சமம் கீழே போய், ஸ்தாயியைச் சரிசெய்தால் கிளம்பிய இடத்துக்கு 49.166 சென்ட் தள்ளி வந்து சேர்வோம்.

2. கமா மறைவது என்றால் என்ன

நான்கு பஞ்சமம் ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் 81/64 கிடைக்கும். அது 5/4-ஐவிட 81/80 அளவு, அதாவது 21.506 சென்ட், கூடுதல். பியானோவில் இரண்டும் ஒரே கட்டைதான். அங்கே 81/80 மறைந்துவிட்டது. ஐரோப்பிய மேஜர்–மைனர் இசை முழுவதும் அந்த மறைவின் மேல் எழுந்தது. 81/80-ஐ மறைக்கும் குடும்பம்தான் மீன்டோன், 12 சம சுருதி (ஸ்தாயியை 12 சமப் பகுதியாக்கும் முறை) அதில் ஓர் உறுப்பினர்.

'வழக்கத்துக்கு மாறான' டெம்பரமென்ட் என்றால் 81/80-ஐ அப்படியே விட்டுவிட்டு வேறொரு கமாவை மறைப்பது. அதனால் பழகிய கார்டு நகர்வுகள் சில உடையும், வேறெங்கும் சாத்தியமில்லாத சில நகர்வுகள் பிறக்கும்.

250/243-க்கு நம் சுருதிக் கணக்கோடு நேரடி உறவு உண்டு. விகிதங்களால் கணக்கிடும் 22 சுருதி முறையில் அடுத்தடுத்த சுருதிகளுக்கு இடையே மூன்று அளவுகளே வருகின்றன: பிரமாண சுருதி 81/80 (21.506 சென்ட்) பத்து முறை, ந்யூன சுருதி 25/24 (70.672) ஐந்து முறை, பூர்ண சுருதி 256/243 (90.225) ஏழு முறை. கூட்டிப் பாருங்கள், சரியாக 1200 வரும். 25/24-ஐ 81/80-ஆல் வகுத்தால் கிடைப்பது 250/243. 256/243-ஐ 25/24-ஆல் வகுத்தால் 2048/2025. ஆக, 250/243-ஐ மறைப்பது என்றால் பிரமாண சுருதியையும் ந்யூன சுருதியையும் ஒன்றாக்குவது. கூடவே 2048/2025-ஐயும் மறைத்தால் மூன்றும் ஒன்றாகி, ஸ்தாயி 22 சமப் பகுதியாகிவிடும். இதிலிருந்தே தெரியும், 22 சுருதியும் 22 சம சுருதியும் ஒன்றல்ல. 21.5 சென்ட்டும் 90 சென்ட்டும் 54.5 சென்ட்டாக நசுக்கப்பட்ட வடிவம் அது. கர்நாடக ராகங்களை வாசிக்க அதைப் பரிந்துரைக்க முடியாது. தனக்கென்று ஒத்திசை உள்ள வேறொரு அமைப்பாக அணுகினால்தான் அது பலன் தரும்.

3. வகைப்படுத்தும் படிகள்

*படி எண்களை எழுதுங்கள்.* ஒவ்வொரு சம சுருதியிலும் 2, 3, 5 ஆகிய பகா எண்கள் எத்தனையாவது படியில் விழுகின்றன என்று குறியுங்கள். 3-க்கு, படிகளின் எண்ணிக்கையை 1.58496-ஆல் பெருக்கி முழு எண்ணாக்க வேண்டும். 5-க்கு 2.32193.

12 → 12, 19, 28
15 → 15, 24, 35
19 → 19, 30, 44
22 → 22, 35, 51
53 → 53, 84, 123

*கமாவைச் சோதியுங்கள்.* கமாவின் அடுக்குகளைப் படி எண்களோடு பெருக்கிக் கூட்டுங்கள். பூஜ்யம் வந்தால் கமா மறைகிறது. 250/243-க்கு 22-இல்: 22 − 175 + 153 = 0. 15-இல்: 15 − 120 + 105 = 0. 12-இல்: 12 − 95 + 84 = 1. ஆக, 12 இந்தக் குடும்பத்தில் இல்லை.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கமாவின் சென்ட் அளவை நேரடியாக ஒரு படியின் அளவால் வகுத்து முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். 22-இல் ஒரு படி 54.545 சென்ட். 81/80-ஐ அப்படி வகுத்தால் 0.39, முழு எண்ணாக்கினால் 0, 'மறைகிறது' என்று தோன்றும். 250/243-ஐ வகுத்தால் 0.90, முழு எண்ணாக்கினால் 1, 'மறையவில்லை' என்று தோன்றும். இரண்டுமே தலைகீழ். படி எண்களால் கணக்கிட்டால் 81/80-க்கு 1, 250/243-க்கு 0. கமாவை நாம் தனியாக வாசிப்பதில்லை. பஞ்சமங்களும் காந்தாரங்களும் அடுக்கியே அங்கே போய்ச் சேர்கிறோம். அதனால் பகா எண்களை மட்டுமே முழு எண்ணாக்க வேண்டும், மற்றதெல்லாம் அவற்றிலிருந்து கூட்டல் கழித்தலாக வர வேண்டும்.

*இரண்டு சம சுருதிகளிலிருந்து கமாவைக் கண்டுபிடிப்பது.* எதிர்த்திசையிலும் போகலாம். 15-ம் 22-ம் எதில் ஒத்துப்போகின்றன? அவற்றின் படி எண்களைக் குறுக்காகப் பெருக்குங்கள்:

2-இன் அடுக்கு: 24×51 − 35×35 = −1
3-இன் அடுக்கு: 35×22 − 15×51 = 5
5-இன் அடுக்கு: 15×35 − 24×22 = −3

(−1, 5, −3) என்பது 243/250, தலைகீழாக்கினால் நம் கமா. இதே கணக்கை 12, 19 இரண்டுக்கும் போட்டால் 81/80 வரும். போட்டுப் பாருங்கள், கை பழகிவிடும்.

*பீரியடும் ஜெனரேட்டரும்.* இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 1 என்றால், ஸ்தாயி முழுசாக ஒரு பீரியட் (சுர அமைப்பு மீண்டும் அதே மாதிரி தொடங்கும் தூரம்). 15-க்கும் 22-க்கும் 1. 12-க்கும் 22-க்கும் 2, எனவே அந்த ஜோடியின் குடும்பத்தில் (2048/2025, டயாஸ்கிஸ்மிக்) பீரியட் அரை ஸ்தாயி, 600 சென்ட். 12-க்கும் 15-க்கும் 3, அது 128/125 மறையும் ஆக்மென்டட் குடும்பம், பீரியட் 400 சென்ட்.

ஜெனரேட்டர் என்பது திரும்பத் திரும்ப அடுக்கி மொத்தச் சுரங்களையும் உண்டாக்கும் தாவல். a×15 − b×22 = ±1 ஆகும்படி a, b-ஐத் தேடுங்கள். 3×15 − 2×22 = 1. ஆக, 22-இல் 3 படி, 15-இல் 2 படி: சுமார் 160–164 சென்ட். இதைக் 'கி' என்போம். 22-இல் சுத்த மத்தியமம் 9 படி, அதாவது 3 கி. சாதாரண காந்தாரம் 6 படி, 2 கி. 8/5 என்பது 15 படி, 5 கி. இந்தக் குடும்பத்தின் இலக்கணம் முழுதும் இவ்வளவுதான்: 6/5 = 2 கி, 4/3 = 3 கி, 8/5 = 5 கி. சுத்த மத்தியமம் மூன்று சம துண்டுகளாகப் பிரிகிறது. 10/9, 11/10, 12/11 மூன்றையும் பெருக்கினால் 4/3 என்பதை நினைத்தால், பதினொன்றாம் மேற்சுரமும் (அடிச்சுர அதிர்வெண்ணின் 11 மடங்கு) இதற்குள் இயல்பாக வந்து உட்காருவது ஏன் என்று புரியும்.

வேறு சில குடும்பங்கள், இதே முறையில் சரிபார்த்துக்கொள்ள:

மேஜிக்: 3125/3072 மறையும். ஜெனரேட்டர் சுமார் 380 சென்ட் காந்தாரம், ஐந்து அடுக்கினால் 3/1. உறுப்பினர்கள் 19, 22, 41.
கிளைஸ்மிக்: 15625/15552. ஜெனரேட்டர் சுமார் 317 சென்ட், ஆறு அடுக்கினால் 3/1. 19, 34, 53.
ஸ்கிஸ்மாட்டிக்: 32805/32768, வெறும் 1.954 சென்ட். ஜெனரேட்டர் பஞ்சமம். 12, 41, 53. செவிக்குத் தூய இசைவுபோலவே இருக்கும், ஆனால் 5/4-ஐ எட்டப் பஞ்சமச் சங்கிலியில் எட்டு இடம் எதிர்த்திசையில் போக வேண்டும்.
மவிலா: 135/128. பஞ்சமம் சுமார் 677 சென்ட்டுக்கு இறங்கும். மேஜர், மைனர் இடங்கள் மாறிவிடும். 9, 16, 23.

பட்டியலில் இரண்டு அளவுகோல்கள் எதிரெதிராக இழுப்பதைக் கவனியுங்கள்: பிழை, சிக்கல். கமா சிறிதானால் பிழை குறையும், ஆனால் கார்டுகளை எட்ட நீண்ட சங்கிலி வேண்டும். ஸ்கிஸ்மாட்டிக் ஒரு கோடி, மவிலா மறுகோடி. போர்க்குபைன் நடுவில் நிற்கிறது: பஞ்சமம் சுமார் பத்து சென்ட் விலகும், ஆனால் எட்டே சுரங்களில் ஆறு கார்டுகள் கிடைக்கும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

24 பற்றி ஒரு வார்த்தை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஸ்தாயியை 24 சமப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று வாதிட்டதால் தமிழ் வாசகர்களுக்கு இந்த எண் பழக்கம். ஆனால் 2, 3, 5 என்ற எல்லைக்குள் அதன் படி எண்கள் 24, 38, 56. எல்லாமே 12-இன் இரட்டிப்பு. இந்த மூன்று பகா எண்களால் உண்டாகும் எந்தக் கார்டும் நடுவிலுள்ள 12 புதிய சுரங்களைத் தொடாது. அவை மெட்டுக்கும் 11 போன்ற உயர்ந்த பகா எண்களுக்கும்தான் பயன்படும். எந்தச் சம சுருதியை எடுத்தாலும் படி எண்களுக்குப் பொதுக் காரணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தக் கணக்குக்குள் வராதவையும் உண்டு. வெர்க்மைஸ்டர், வல்லோட்டி போன்ற முறைகளில் பஞ்சமங்கள் ஒரே அளவில் இல்லை. ஒரே இடைவெளி இடத்துக்கு இடம் மாறுவதால் அவற்றுக்குத் தனி வகை. போலன்–பியர்ஸ் முறையில் 2-க்கு இடமே இல்லை: 3/1-ஐ 13 சமப் பகுதியாக்கி (ஒவ்வொன்றும் 146.3 சென்ட்) 3, 5, 7 மட்டும் வைத்து நடக்கிறது. அங்கே படி எண்கள் 13, 19, 23. மறையும் கமா 245/243. முறை இதேதான், பகா எண்கள்தான் வேறு.

4. ஜெனரேட்டரின் சரியான அளவு

குடும்பம் தெரிந்துவிட்டது. 'கி' சரியாக எத்தனை சென்ட்? இதற்கு ஒரே விடை கிடையாது, எதைக் காப்பாற்ற விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

22 சம சுருதி: கி = 163.636. பஞ்சமம் 7.1 சென்ட் கூடும், 5/4 4.5 குறையும், 6/5 11.6 கூடும்.
15 சம சுருதி: கி = 160. பஞ்சமம் 18 கூடும், 5/4 13.7 கூடும். 6/5 மட்டும் நன்றாக இருக்கும்.
37 சம சுருதி (15 + 22): கி = 162.162. பஞ்சமம் 11.6, 5/4 2.9, 6/5 8.7, மூன்றுமே கூடும்.

சமமாக இல்லாமல் உகந்த அளவு வேண்டுமானால், மூன்று பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் கி: (3×498.045 + 5×813.686 + 2×315.641) ÷ 38 = 162.996. பெரிய பிழையை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கும் கி: 813.686 ÷ 5 = 162.737. இரண்டாவதில் 5/4 முற்றிலும் சுத்தம், பஞ்சமமும் 6/5-ம் தலா 9.83 சென்ட் கூடும். அது கமாவில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீன்டோனில் கால் கமா முறை செய்வதை இங்கே இது செய்கிறது.

மென்பொருள்கள் தரும் எண் இவற்றோடு ஒத்துவராமல் போகலாம். ஸ்தாயியைச் சுத்தமாக வைத்து, 3-க்கு 5-ஐவிட அதிக எடை தந்து கணக்கிட்டால் 164.17 வரும். அது பஞ்சமத்துக்குச் சாதகம், காந்தாரம் 7 சென்ட் இறங்கிவிடும். எந்த எடை என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

காதால் சேர்ப்பதற்கு எங்கள் தேர்வு 162.737. காரணம் எளிது: சுத்தமான 5/4-ஐக் காது சந்தேகமின்றி நிறுத்தும். மூன்று படிகளில் பிழை நுழையவே இடமில்லை.

5. எத்தனை சுரம் எடுப்பது

கி-யை அடுக்கிக்கொண்டே போகும்போது, இரண்டே அளவு இடைவெளிகள் மட்டும் வரும் இடங்களில் நிறுத்துங்கள். 7 சுரம் (ஆறு 163, ஒரு 224), 8 சுரம் (ஏழு 163, ஒரு 61), பிறகு 15, 22.

ஒரு மேஜர் கார்டு சங்கிலியில் ஐந்து இடங்கள் விரிகிறது, மைனரும் அப்படியே. எனவே 7 சுரத்தில் இரண்டு மேஜர், இரண்டு மைனர். 8-இல் மூன்று மூன்று. ஒரே ஒரு சுரம் கூடியதும் இவ்வளவு கிடைப்பதால் 8-ஐயே எடுக்கிறோம். சட்ஜத்துக்குக் கீழே ஐந்து, மேலே இரண்டு என்று அடுக்கி, ஸ்தாயிக்குள் கொண்டுவந்தால் (ஒரு கட்டை, 261.63 ஹெர்ட்ஸ்):

1: 0 சென்ட், 261.63
2: 162.737, 287.41
3: 325.474, 315.74
4: 386.314, 327.03
5: 549.051, 359.27
6: 711.788, 394.68
7: 874.525, 433.57
8: 1037.263, 476.31

மேஜர் கார்டுகள்: 1-4-6, 2-5-7, 3-6-8. மைனர்: 1-3-6, 7-1-4, 8-2-5. சட்ஜத்தின் மேல் இரண்டு காந்தாரங்களும் இருப்பதால் மேஜரிலிருந்து மைனருக்கு அங்கேயே மாறலாம். ஐந்தாம் சுரம் 549 சென்ட், 11/8-க்கு (551.3) மிக அருகில். பழகாத காதுக்கு முதலில் மத்தியமம் பிசகியதுபோல் தோன்றும். அதைத் திருத்தப் போகாதீர்கள், இந்த முறையின் தனிச்சுவையே அங்கேதான் இருக்கிறது.

6. காதால் சுருதி சேர்ப்பது

மேற்சுரங்கள் நிறைந்த ஒலி வேண்டும்: தந்தி, ஹார்மோனியம் ரீட், சிந்தசைசரில் 'சா' (ரம்பப்பல்) அலை. சைன் அலையில் மோதுவதற்கு மேற்சுரங்களே இல்லாததால் இந்த விம்மல்கள் கேட்காது.

விம்மல் எண்ண மெட்ரோனோம் வையுங்கள். ஒரு தட்டுக்குள் நான்கு விம்மல், மனதுக்குள் 'தகதிமி' சொல்லிக்கொண்டே கேட்டால் பொருந்துவது தெரியும். முதலில் இடைவெளியைச் சுத்தமாகச் சேர்த்து விம்மலை நிறுத்துங்கள். பிறகு சொன்ன திசையில் மெல்ல நகர்த்துங்கள். திசை தவறினாலும் விம்மல் வேகம் அதேதான் வரும் என்பதால், சுத்தத்திலிருந்து தொடங்குவதைத் தவிர்க்கவே கூடாது.

1 → 4: சுத்த 5/4. விம்மல் இல்லை.
4 → 7: சுத்த மத்தியமம் மேலே, பிறகு 7-ஐக் கொஞ்சம் இறக்குங்கள். விநாடிக்கு 7.4 விம்மல் (மெட்ரோனோம் 111).
7 → 2: பஞ்சமம் கீழே, பிறகு 2-ஐக் கொஞ்சம் இறக்கிப் பஞ்சமத்தை அகலமாக்குங்கள். 4.9 விம்மல் (74).
2 → 5: சுத்த 5/4 மேலே.
5 → 8: மத்தியமம் மேலே, 8-ஐ இறக்குங்கள். 8.1 விம்மல் (122).
8 → 3: பஞ்சமம் கீழே, 3-ஐ இறக்குங்கள். 5.4 விம்மல் (81).
3 → 6: சுத்த 5/4 மேலே.
6 → 1: சோதனை. 1-6 பஞ்சமம் அகலமாக, விநாடிக்கு 4.5 விம்மலோடு (67) ஒலிக்க வேண்டும்.

1, 4, 7, 2, 5, 8, 3, 6, 1: ஒவ்வொரு முறையும் மூன்று சுரம் தள்ளி எட்டையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். மூன்று காந்தாரம் மேலே, ஐந்து பஞ்சமம் கீழே: கமாவின் (1, −5, 3) அப்படியே இந்தச் சுற்றில் இருக்கிறது. பஞ்சமங்களைச் சுத்தமாகவே விட்டிருந்தால் கடைசிப் பஞ்சமத்தில் மொத்த 49 சென்ட்டும் வந்து விழும். ஐந்து பஞ்சமங்கள் தலா 9.83 சுமந்ததால் சுற்று மூடுகிறது.

கடைசிச் சோதனை தவறினால் பிழை எங்கே என்று தேடுங்கள். 1-6 மிக வேகமாக விம்மினால் மற்ற நான்கு பஞ்சம, மத்தியமங்களில் ஏதோ ஒன்று போதுமான அளவு விலகவில்லை. மெதுவாக விம்மினால் எங்கோ அதிகம் விலகிவிட்டது. பெரும்பாலும் 5 → 8 தான் காரணம். விநாடிக்கு எட்டு விம்மலை எண்ணுவது கடினம். இரண்டு சுரங்களையும் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க முடிந்தால் விம்மல் பாதியாகும், அங்கே எண்ணுங்கள்.

சட்ஜத்தை வேறு கட்டையில் வைத்தால் விம்மல்களும் அதே விகிதத்தில் மாறும். ஐந்து கட்டையில் (ஜி, மேல்) எல்லாவற்றையும் 1.5-ஆல் பெருக்குங்கள்.

7. கீபோர்டிலும் கணினியிலும்

எட்டு சுரங்களை ஏழு வெள்ளைக் கட்டைகளிலும் இ-பிளாட்டிலும் வைக்கலாம்: சி=1, டி=2, இ-பிளாட்=3, இ=4, எஃப்=5, ஜி=6, ஏ=7, பி=8. ஸ்கேல் ட்யூனிங் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் இட வேண்டிய சென்ட்: டி −37, இ-பிளாட் +25, இ −14, எஃப் +49, ஜி +12, ஏ −25, பி −63. மிடியின் ஸ்கேல் ட்யூனிங் செய்தி −64 முதல் +63 வரை ஏற்கும் என்பதால் எல்லாம் அடங்கிவிடும். உங்கள் கீபோர்டு ±50-க்கு மேல் போகாவிட்டால், எட்டாம் சுரத்தைப் பி-பிளாட்டில் +37 என்று வையுங்கள்.

ஸ்காலா வடிவக் கோப்பு (சுரங்களின் சுருதியைக் கணினிக்குச் சொல்லும் உரைக் கோப்பு) எழுதுவதானால்: ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரிகள் குறிப்புகள். முதல் உண்மையான வரி விவரம், அடுத்தது சுர எண்ணிக்கை 8, பிறகு ஒவ்வொரு சுரமும் ஒரு வரி. சட்ஜத்தை எழுதக் கூடாது, கடைசி வரி 2/1. புள்ளி உள்ள எண் சென்ட், புள்ளி இல்லாதது விகிதம். 1037.263-ஐச் சுருக்கி 1037 என்று எழுதினால் மென்பொருள் அதை 1037/1 என்ற விகிதமாகப் படித்துச் செவிக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடும். 1037.0 என்று எழுதுங்கள். நான்காம் சுரத்தை 5/4 என்றே எழுதலாம்.

கட்டை வரைபடக் கோப்பு இல்லாமல் ஏற்றினால் சுரங்கள் அடுத்தடுத்த கட்டைகளில் விழும், ஸ்தாயி எட்டே கட்டைகளில் முடியும். மேலே சொன்ன அமைப்பு வேண்டுமானால் வரைபடத்தில் வரிசையாக: வரைபட அளவு 12, முதல் கட்டை 0, கடைசி 127, மையக் கட்டை 60, சுருதிக் கட்டை 60, அதிர்வெண் 261.626, ஸ்தாயியின் சுர எண் 8. பிறகு 0, எக்ஸ், 1, 2, 3, 4, எக்ஸ், 5, எக்ஸ், 6, எக்ஸ், 7 (எக்ஸ் என்பதற்கு ஆங்கிலச் சிறிய எழுத்து). ஸ்தாயியின் சுர எண்ணை 12 என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நடு ஸ்தாயி சரியாக இருக்கும், மேல் ஸ்தாயி தொடங்கும்போதே கலைந்துவிடும்.

பிட்ச் பெண்ட் வழியாகச் சுருதி அனுப்பும் கருவிகளில், அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே வீச்சை நம்ப வேண்டும். அனுப்புபவர் ±2 அரைச்சுரம், பெறுபவர் ±12 என்றால் எல்லா விலகலும் ஆறு மடங்காகும். எல்லாச் சுரமும் ஒரே கணக்கில் பிசகினால் முதலில் இதைப் பாருங்கள்.

8. கிதாரில் 22 படி

எட்டு சுரம் போதாமல் குடும்பத்தின் முழு வீச்சும் வேண்டுவோர் 22 சம சுருதிக்கு ஃப்ரெட் அடிக்கலாம். தந்தி நீளத்தை 1 − 2^(−n/22) ஆல் பெருக்கினால் மேல்நட்டிலிருந்து n-ஆவது ஃப்ரெட்டின் தூரம். 650 மில்லிமீட்டர் தந்தியில் முதல் ஃப்ரெட் 20.2 மில்லிமீட்டரில் வரும், 22-ஆவது 325-இல். 21-க்கும் 22-க்கும் இடையே 10.4 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதற்கு மேல் விரல் நுழையத் திணறும். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தையதிலிருந்து அளக்காமல் மேல்நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள், இல்லையென்றால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். திறந்த தந்திகளை வழக்கமான மத்தியமங்களுக்குப் பதிலாக 9 படி (490.9 சென்ட்) இடைவெளியில் வைத்தால், அடுத்தடுத்த தந்திகள் மூன்று கி தள்ளி நிற்கும். ஒரு தந்தியில் மூன்று ஃப்ரெட்டுக்கு ஒன்றாக மூன்று சுரம் எடுத்து அடுத்த தந்திக்குத் தாவினால் சங்கிலி அறுபடாமல் தொடரும்.